ரொறன்ரோவிலிருந்து வரும் உயர்ரக மடிக்கணினியா, பம்பலப்பிட்டியில் வாங்கும் சிக்கன மடிக்கணினியா?

மழைக்கால் | வியாழன், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கமுள்ள தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் வசிக்கிறேன்; மென்பொருள் பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். உயர்தரம் எழுதிய காலத்தில் வாங்கிய மடிக்கணினியின் பிணைச்சல் உடைந்துவிட்டதால், திரை பின்னால் சாயாமலிருக்க அதற்குப் பின்னால் ஒரு தடித்த பாடப்புத்தகத்தை முட்டுக் கொடுத்துத்தான் வேலை செய்கிறேன். புதியதொன்று வாங்கியே ஆகவேண்டும். பகலில் படிப்பு, இரவில் இரண்டு மூன்று மணித்தியாலம் விளையாட்டு: பெரும்பாலும் வலோரன்ட் என்ற இணையவழிச் சுடும் விளையாட்டு, விடுமுறை நாட்களில் கதையோட்டமுள்ள பெரிய விளையாட்டுகள்.

யுனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் ஆர்.ரி.எக்ஸ் 4060 கிராபிக்ஸ், 16 ஜி.பி ரெம், 512 ஜி.பி எஸ்.எஸ்.டி, 144 ஹேர்ட்ஸ் திரை கொண்ட ஒன்றுக்கு மூன்று இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய் சொன்னார்கள்; இரண்டு வருட உத்தரவாதம் உண்டு. என் கையில் நான்கு இலட்சம் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட ரொறன்ரோ அண்ணா, அங்கே ஆர்.ரி.எக்ஸ் 5080 உள்ள உயர்ரக மொடல் ஒன்றைத் தான் வாங்கி, மாசியில் ஊருக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொல்கிறார். நம் பணத்தில் ஒன்பது இலட்சத்துக்கு மேல் வருகிறது. நான்கு இலட்சத்தை இங்கே அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மிகுதியை வேலை கிடைத்த பிறகு மெல்ல மெல்லக் கழிக்கலாம் என்பது அவருடைய ஏற்பாடு. அந்த மிகுதி எனக்குக் கொடையல்ல, கடன். இரண்டில் எதை எடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வீர்களா?

இரவாடி | வியாழன், இரவு 10.15

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. 4060இல் இருப்பது 8 ஜி.பி கிராபிக்ஸ் நினைவகம். 5080இன் மடிக்கணினி வடிவில் 16 ஜி.பி. ரெம்மையும் எஸ்.எஸ்.டியையும் பிறகு மாற்றலாம், ஆனால் கிராபிக்ஸ் நினைவகத்தை ஒருபோதும் கூட்ட முடியாது. இப்போது வெளிவரும் பெரிய விளையாட்டுகள் பல, படத்தின் நுணுக்கத்தை உச்சத்தில் வைத்தால் 8 ஜி.பியைத் தாண்டிக் கேட்கின்றன. இடம் போதாதபோது சராசரி வேகம் நன்றாகத் தெரிந்தாலும் படம் நடுநடுவே திக்கும். ஒரு முறை செலவழித்து ஆறு ஏழு வருடம் நிம்மதியாக இருப்பதா, மூன்று வருடத்தில் மறுபடியும் யுனிட்டி பிளாசாவின் படியேறுவதா? அதோடு சிக்கன மொடல்களின் திரைகளைப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு நிறம் செம்மண் நிறமாகத் தெரியும்.

திருத்துமேசை | வெள்ளி, காலை 7.05

பதினான்கு வருடங்களாக மடிக்கணினி திருத்துவதுதான் என் பிழைப்பு என்பதால், வாங்கும் நாளைவிட மூன்றாம் வருடத்தை வைத்தே நான் ஒரு பொருளை எடைபோடுவேன். அதிலும் மரைன் டிரைவ் என்று எழுதியிருப்பதைப் பார்த்தவுடன் சொல்ல வேண்டியது சில உண்டு.

கடந்த மாதம் கடலோர வீடொன்றிலிருந்து உயர்ரக மடிக்கணினியொன்று என் மேசைக்கு வந்தது. வயது இரண்டு. கீழ்மூடியின் திருகாணிகள் பத்தில் மூன்றின் தலை துருவேறி, திருப்புளி பிடிக்காமல் வழுக்கியது. மூடியைக் கழற்றினால், காற்றாடிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் தூசியும் உப்பீரமும் சேர்ந்து கம்பளித் துணிபோல் படிந்திருந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தபோது முழுவதும் ஒரே பாயாக உரிந்து வந்தது. சார்ஜ் செய்யும் துளையின் ஓரத்தில் பச்சைக் களிம்பு. காற்று வெளியேற வழியில்லாமல் அந்தக் கணினி மாதக்கணக்காகத் தன் சூட்டிலேயே வெந்திருக்கிறது. சிக்கன மடிக்கணினியிலும் இதே தூசிதான் படியும், ஆனால் குறைந்த சூட்டை வெளியேற்ற வேண்டிய பொருளும் 200 வொட்டுக்கு மேல் வெளியேற்ற வேண்டிய பொருளும் ஒரே அளவு அடைப்பை ஒரே மாதிரித் தாங்குவதில்லை.

இன்னொன்று, உயர்ரக மொடல்கள் சிலவற்றில் சாதாரண வெப்பப் பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் பூசியிருப்பார்கள். சூட்டைக் கடத்துவதில் அது கெட்டிக்காரப் பொருள்தான். மின்சாரத்தையும் கடத்தும் என்பதால், கழுவித் துடைக்கும்போது ஒரு துளி அருகிலுள்ள பாகத்தில் உருண்டால் கதை முடிந்தது. அதைத் திறக்கத் துணிபவர்கள் கொழும்பில் குறைவு, துணியக் கூடாதவர்கள் அதிகம்.

புரொசெசரும் கிராபிக்ஸும் மதர்போர்ட்டில் பற்றவைக்கப்பட்டிருப்பதால், ஒன்று போனால் முழுப் போர்ட்டையும்தான் மாற்ற வேண்டும். அதன் விலையோ டொலர்க் கணக்கு. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாயை அண்டியிருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டபோது, போர்ட்டின் விலையைக் கேட்டுவிட்டு மடிக்கணினியை எடுக்கவே வராமல் போனவர்கள் உண்டு. மூன்று இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன. கனடாவில் வாங்கிய பொருளின் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதை அந்த மொடலின் பெயர் சொல்லி, வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். சில நிறுவனங்கள் சில வரிசைகளுக்கு மட்டுமே நாடு கடந்த உத்தரவாதம் தருகின்றன.

சிக்கன மொடல்கள் எல்லாம் உத்தமம் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் பிணைச்சல் உடைந்ததற்குக் காரணம், மலிவு மொடல்களில் பித்தளை மரைகளை வெறும் பிளாஸ்டிக்கில் புதைத்திருப்பதுதான். வாங்கும்போது திரையை ஒற்றை விரலால் ஓரத்தில் பிடித்துத் திறந்து பாருங்கள். மூலை நெளிந்தால் வேண்டாம்.

மழைக்கால் | வெள்ளி, பிற்பகல் 1.20

மிகவும் நன்றி, அண்ணா. இரவாடி அண்ணாவுக்கு ஒரு சிறு திருத்தம்: நான் தம்பியல்ல, தங்கை.

எங்கள் வீட்டில் யன்னல்கள் நாள் முழுவதும் திறந்தே கிடக்கும். யன்னற் கம்பிகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை வர்ணம் பூசியும் துரு நிற்பதில்லை. இது எனக்கு இதுவரை மடிக்கணினியோடு தொடர்புள்ள விடயமாகத் தோன்றவே இல்லை. மின்வெட்டைப் பற்றியும் கேட்க வேண்டும். வீட்டில் 650 வீ.ஏ யூ.பி.எஸ் ஒன்று ரவுட்டருக்கும் பழைய திரைக்குமாக இருக்கிறது. ரொறன்ரோ அண்ணா சொல்லும் மொடலின் சார்ஜர் 330 வொட்டாம். அதைத் தாங்குமா?

கணக்கன் | வெள்ளி, மாலை 6.50

தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 650 வீ.ஏ என்று எழுதியிருக்கும் சாதாரண யூ.பி.எஸ் உண்மையில் தருவது 360 முதல் 390 வொட் வரைதான். 330 வொட் சார்ஜர் உச்சத்தில் இழுக்கும்போது ரவுட்டரும் திரையும் அதே பெட்டியில் இருந்தால் அது கூவிவிட்டு நின்றுவிடும். மடிக்கணினிக்குச் சொந்தப் பற்றரி இருக்கும்போது யூ.பி.எஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால், பற்றரியில் ஓடும்போது எந்த விளையாட்டு மடிக்கணினியும், ஒன்பது இலட்சமானாலும் சரி, கிராபிக்ஸின் வலுவை அரைவாசிக்கும் கீழே இறக்கிவிடும்; விளையாடினால் ஒரு மணித்தியாலத்தை ஒட்டித்தான் தாங்கும். 2022 மார்ச் இறுதியில் நாம் கண்ட 13 மணித்தியால மின்வெட்டு இப்போது இல்லைதான். ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுவதையும் இருளாக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் போவதைவிட அது திரும்பி வரும் கணம்தான் சார்ஜருக்கு ஆபத்து.

இப்போது முக்கிய கணக்குக்கு வருகிறேன். பெயரில் உள்ள இலக்கத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேசைக் கணினிக்கான 4060இலும் மடிக்கணினிக்கான 4060இலும் இருப்பது ஒரே வகைச் சில்லுதான். கணக்கிடும் சிறு அலகுகளான கூடா (CUDA) கருக்கள் இரண்டிலும் 3,072, நினைவகம் இரண்டிலும் 8 ஜி.பி. மேலே போகப் போக இந்த நேர்மை குறைகிறது. மேசைக் கணினியின் 4090இல் 16,384 கருக்கள். அதே பெயரை ஒட்டிக்கொண்டு மடிக்கணினியில் வருவதில் 9,728 மட்டுமே, நினைவகமும் 24 ஜி.பிக்குப் பதில் 16. புதிய 5090இலும் இதே கதைதான்: மேசையில் 32 ஜி.பி, மடியில் 24 ஜி.பி. ஆகவே விலை ஏற ஏற, நீங்கள் கொடுக்கும் பணத்துக்கும் பெயரட்டைக்கும் உள்ள இடைவெளியும் கூடுகிறது.

அடுத்தது திரை. சிக்கன மொடலின் 1920க்கு 1080 திரையில் ஏறக்குறைய 20.7 இலட்சம் புள்ளிகள். உயர்ரக மொடலின் 2560க்கு 1600 திரையில் ஏறக்குறைய 41 இலட்சம். அதாவது கூடுதலாக வாங்கிய வலுவின் பெரும்பங்கை, கூடவே வாங்கிய திரையே தின்றுவிடுகிறது. திரை ஒரு செக்கனில் எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்ற புதுப்பிப்பு வேகத்தையும் பாருங்கள்: 60 ஹேர்ட்ஸிலிருந்து 144க்குப் போகும்போது ஒரு படச் சட்டத்துக்கான நேரம் 16.7 மில்லி செக்கனிலிருந்து 6.9 ஆகக் குறைகிறது. பழைய திரையிலிருந்து வரும் எவரும் அதை முதல் நிமிடத்திலேயே உணர்வார்கள். 144இலிருந்து 240க்குப் போனால் மிச்சம் வெறும் 2.8 மில்லி செக்கன். வலோரன்ட் விளையாடும் உங்களுக்கு இதைவிடப் பெரிய எதிரி கடல். கொழும்பிலிருந்து, விளையாட்டின் சேவர் உள்ள சிங்கப்பூர் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீற்றர் போகும் என்பதால், நேர்கோட்டில் போய்த் திரும்பினாலே 27 மில்லி செக்கன். அந்தத் தூரத்தை எந்த மடிக்கணினியாலும் சுருக்க முடியாது. மும்பாய் சேவர் கிடைத்தால் அதைத் தெரிவு செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் கடையில் கட்டாயம் பாருங்கள். ஒரே 4060, நிறுவனம் எவ்வளவு மின்வலு கொடுக்க அனுமதித்திருக்கிறது என்பதைப் பொறுத்து, வேறு வேறு பொருளாகிவிடும். என்விடியா கொன்ட்ரோல் பனலில் சிஸ்டம் இன்பர்மேஷனைத் திறந்தால், உச்சக் கிராபிக்ஸ் மின்வலு வொட்டில் எழுதியிருக்கும். 100 வொட்டை எட்டும் வரை வேகம் தெளிவாக ஏறும். அதற்கு மேல் பெரிதாக ஏறாது.

இரவாடி | வெள்ளி, இரவு 8.30

தங்கை, தவறாக அழைத்ததற்கு மன்னிக்கவும்.

கணக்கன் சொன்ன புள்ளிக் கணக்கு சரிதான், ஆனால் அது என் வாதத்தின் பாதியை மட்டுமே தொடுகிறது. 2560க்கு 1600 திரையைக் குறைந்த தெளிவில் ஓட்டலாம், குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டி.எல்.எஸ்.எஸ் வசதியைப் போட்டு ஓட்டலாம்; நினைவகம் இல்லாத இடத்தில் அதை உண்டாக்க முடியாது. 2021இல் 4 ஜி.பி நினைவகமுள்ள 3050 மடிக்கணினி வாங்கியவன் நான். கடையில் அன்று எல்லாம் நன்றாகவே ஓடியது. மூன்றாம் வருடத்திலிருந்து புதிய விளையாட்டு ஒவ்வொன்றிலும் தரத்தை இறக்கி இறக்கி, சுவர்கள் களிமண் பூசியதுபோல் தெரியும் நிலைக்கு வந்தேன். மலிவு என்று நினைத்த அந்த ஒன்றைச் சொற்ப காசுக்குத் தள்ளிவிட்டு, மறுபடியும் முழு விலை கொடுத்து வாங்கினேன். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் முதலிலேயே நல்லதை வாங்கியிருக்கலாம்.

திருத்துமேசை | வெள்ளி, இரவு 9.10

இரவாடி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் வாங்கியது சிக்கன மொடல் அல்ல, குறைந்த மொடல். 4 ஜி.பிக்கும் 8 ஜி.பிக்கும் இடையிலுள்ள தூரம், 8க்கும் 16க்கும் இடையிலுள்ளதைவிட, விளையாடுபவருக்குப் பெரியது. நான்கு இலட்சத்தில் 8 ஜி.பிக்குக் கீழே யாராவது விற்க வந்தால் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள்.

கோட்டுப்படம் | சனி, காலை 6.15

நான் கட்டடக்கலைஞர், கொள்ளுப்பிட்டியில் வேலை. 16 ஜி.பி கிராபிக்ஸ் உள்ள உயர்ரக மடிக்கணினியை இரண்டு வருடங்களாகப் பாவிக்கிறேன். அதை வாங்கியதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. முப்பரிமாணப் படம் ஆக்கும் பிளெண்டர் மென்பொருளில் ஒரு வீட்டின் உட்புறக் காட்சியை அமைக்கும்போது, மரத்தின் ரேகையும் திரைச்சீலையின் நெசவுமாக நினைவகம் 11, 12 ஜி.பியைச் சர்வசாதாரணமாகத் தொடும். முன்பு ஒரு படத்துக்காக இரவு முழுவதும் காத்திருந்த நான், இப்போது தேநீர் குடித்து முடிப்பதற்குள் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுகிறேன். எனக்கு அது முதலீடு, ஏனென்றால் மிச்சமாகும் ஒவ்வோர் இரவையும் யாரோ ஒருவருடைய கட்டணச் சீட்டில் சேர்க்க முடிகிறது. தங்கையின் நிரல்களை மொழிபெயர்த்து இயக்க இந்த 5080 எதுவுமே செய்யாது. அங்கே வேலை செய்வது புரொசெசரும் ரெம்மும்தான். செயற்கை நுண்ணறிவின் பெரிய மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 16 ஜி.பிக்கு அர்த்தம் உண்டு. அப்படியொரு பாடம் உங்களுக்கு இருக்கிறதா?

சூட்டைப் பற்றித் திருத்துமேசை அண்ணா எழுதியது முழு உண்மை. என் அறையில் ஏசி இல்லாமல் இதைப் பாவிக்க முடியவில்லை, ஏசியின் மின்கட்டணத்தைக் கடையில் யாரும் விலையோடு சேர்த்துச் சொல்லவும் இல்லை. மடிக்கணினி 200 வொட் இழுத்து நாளுக்கு நான்கு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 24 அலகுதான். ஏசி அதைப் பல மடங்கு தாண்டிவிடும்.

நூற்றியோராம் இலக்கம் | சனி, காலை 6.40

தினமும் 101ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவன் என்ற முறையில் ஒன்று மட்டும். உயர்ரக மொடல் இரண்டரை கிலோவுக்கு மேல், அதன் சார்ஜர் ஏறக்குறைய ஒரு கிலோ. காலி வீதியில் காலை ஏழரை மணி நெரிசலில் அந்தப் பையை முதுகிலும் போட முடியாது, காலுக்கிடையிலும் வைக்க முடியாது. ஒன்பது இலட்சத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து நின்று பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

மழைக்கால் | சனி, இரவு 8.55

இன்று மாலை மூன்று மணித்தியாலம் யுனிட்டி பிளாசாவில் செலவழித்தேன். முதலில் மூன்று இலட்சத்து எண்பத்தையாயிரம் சொன்ன அதே மடிக்கணினியைத் திறந்து, கணக்கன் அண்ணா சொன்ன இடத்தைப் பார்த்தேன்: 75 வொட். கடையில் நின்ற தம்பிக்கு அப்படியோர் இடம் இருப்பதே தெரியவில்லை. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, இது எல்லாவற்றிலும் ஒன்றுதான் அக்கா என்றார். பக்கத்தில் இருந்த, சற்றுத் தடித்த இன்னொரு மொடலையும் திறந்து காட்டச் சொன்னேன். அதிலும் 4060தான், ஆனால் 140 வொட். அதற்குப் பிறகு அந்தத் தம்பி தானாகவே அடுக்கில் இருந்த மற்ற இரண்டையும் திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டு திரைகளிலும் ஒரே செவ்வரத்தம்பூப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். இரவாடி அண்ணா சொன்னதுபோலவே, முதலாவதில் பூ செங்கல் நிறமாக இருந்தது. இரண்டாவதன் பெட்டியில் நூறு வீதம் எஸ்.ஆர்.ஜி.பி (திரை காட்டும் நிறங்களின் அளவுகோல்) என்று போட்டிருந்தது, பூவும் பூவாகவே தெரிந்தது. ஓரத்தில் பிடித்துத் திறந்தபோது மூலை நெளியவில்லை. விலை நான்கு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம். முதலில் ஒரு விலை சொல்லி, பற்றுச்சீட்டு வேண்டும் என்றதும் 18 வீதப் பெறுமதி சேர் வரியை மேலே போடும் பழக்கம் சில இடங்களில் இருப்பதால் அதையும் கேட்டேன். வரியோடு சேர்த்துத்தான் என்றார்கள்.

கோட்டுப்படம் அக்கா கேட்ட பாடம் எனக்கு இறுதி ஆண்டில் வரலாம். ஆனால் பெரிய மாதிரிகளுக்குப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இயந்திரம் உண்டு என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள்.

ரொறன்ரோ அண்ணாவிடம் இதையெல்லாம் தொலைபேசியில் விளக்கினேன். முதலில் கொஞ்சம் மனம் சுணங்கினார். பிறகு அவர் பார்த்து வைத்திருந்த மொடலின் படத்தை அனுப்பச் சொன்னேன். கீபோர்டில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்திருந்தது, நிரல் எழுதும்போது நிமிடத்துக்கு நான்கு முறை தொடவேண்டிய சாய்கோட்டு விசையில் é என்ற எழுத்தும் இருந்தது. அதைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். நான்கு இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு அந்தத் தடித்த மொடலையே வாங்கிவிட்டேன். வெறுங்கையோடு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதால், 16 ஜி.பி ரெம் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒரே ஒரு 16 ஜி.பி துண்டு இருக்கிறது, ஓர் இடம் காலி. எதைப் பார்த்து வாங்கச் சொல்ல வேண்டும்?

கணக்கன் | சனி, இரவு 9.20

நல்ல தெரிவு. ஒற்றைத் துண்டோடு ஓடும்போது புரொசெசருக்கு நினைவகப் பாதையில் பாதிதான் கிடைக்கிறது. இரண்டாவது துண்டு போட்டதும் வலோரன்ட் போன்ற, புரொசெசரை நம்பும் விளையாட்டுகளில் வித்தியாசம் தெரியும். 2025இன் பிற்பகுதியிலிருந்து உலகம் முழுவதும் ரெம் விலை ஏறியிருப்பதால், அண்ணாவுக்கு இது சின்னப் பரிசாக இராது என்பதையும் சொல்லிவையுங்கள்.

திருத்துமேசை | ஞாயிறு, காலை 7.30

உள்ளே இருக்கும் துண்டின் ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்புங்கள்: டி.டி.ஆர்5 வகை என்பதும், மடிக்கணினிக்குரிய சிறிய வடிவம் என்பதும், 5600 என்றோ 4800 என்றோ இருக்கும் வேகமும் பொருந்தினால் போதும். நிறுவனம் வேறாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடும். ஆனால் மூடியைத் திறப்பதற்கு முன், ஏதாவது ஒரு திருகாணியின் மேல் வட்டமான முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒட்டியிருந்தால் நீங்கள் தொட வேண்டாம், வாங்கிய இடத்திலேயே போடச் சொல்லுங்கள், அதை உத்தரவாதச் சீட்டில் எழுதியும் வாங்குங்கள். இல்லாவிட்டால் அண்ணா வந்த பிறகு ஒரு சனிக்கிழமை கொண்டுவாருங்கள். ரெம்மைப் போடும்போதே காற்றாடியையும் ஊதித் தருகிறேன். அதுவரை மடிக்கணினியைக் கடல் பக்க யன்னலின் கீழ் வைக்காதீர்கள்.

மழைக்கால் | ஞாயிறு, காலை 8.05

முத்திரை இருக்கிறது, அண்ணா, நடுத் திருகாணியின் மேல். வாங்கிய கடையிலேயே போடுவிக்கிறேன். மேசையை உட்சுவர்ப் பக்கம் நகர்த்தியாகிவிட்டது. அங்கே இருப்பது பழைய வட்ட முளைப் பிளக் பொயின்ட் என்பதால் சார்ஜரின் 13 அம்பியர் பிளக் பொருந்தவில்லை. நாளை மின்னியலாளர் வருகிறார்.

திருத்துமேசை | ஞாயிறு, காலை 8.20

மாற்றும்போது ஏர்த் வயர் இருக்கிறதா என்று அவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய தொடர்மாடிகளில் பிளக் பொயின்ட் புதிதாக இருக்கும், உள்ளே ஏர்த் இருக்காது. பிறகு உலோக மூடியில் கை வைக்கும்போதெல்லாம் சுரீர் என்கிறது என்று என்னிடம் கொண்டுவருவார்கள்.